ஜாதுகுடா முதல் டிராம்பே வரை

மும்பை நகரின் செம்பூருக்குத் தென்கிழக்கே, கடற்கழியின் ஓரத்தில் டிராம்பே அமைந்துள்ளது. 1954-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற அணுசக்தி நிலையம், டாக்டர் ஹோமி பாபாவின் மறைவுக்குப்பின் 1967 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணு உலைக்கேற்ற தூய யுரேனியக் கட்டி, 1959 ஜனவரியில், நம் நாட்டில் முதன்முதலாக உருவானதும் அங்கேதான். உலைகளுக்குத் தொடர்ந்து இடுவதற்கு வேண்டிய யுரேனியத்தை எங்கிருந்து பெறுவது என்பதே அடுத்து எழுந்த வினா.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் மிகுதி, யுரேனியமோ சொற்பம். இன்றைய ஜார்க்கண்டிலுள்ள சிங்பூம் பகுதியோ, கந்தகம் கலந்த தாமிரக் கனிகளுக்குப் பண்டுதொட்டுப் பெயர்பெற்ற நிலம். அங்கே ஜாதுகுடாவில் 1951-இல் யுரேனியம் கண்டறியப்பட்டது. ஆனால் ஆயிரம் கிலோ பாறையில் ஒரு கிலோ யுரேனியம்கூட இல்லை. இத்தகைய கல்லை உருக்கிப் பயன் காண்பது அரிது. ஆகவே, 1967-இல் தோன்றிய இந்திய யுரேனியக் கழகம், மறு ஆண்டு இயக்கத் தொடங்கிய ஆலையில் கரைத்தெடுக்கும் முறையைக் கைக்கொண்டது.

பாறையை மாவாக அரைத்து, நீரிற் குழம்பாக்கி, கந்தக அமிலம் சேர்ப்பார்கள். அமிலம் மட்டும் போதாது. யுரேனியம் ஆக்சிகரணம் அடைந்தாலன்றி எளிதிற் கரையாது. இதற்கென மாங்கனீஸ் டையாக்ஸைடு இடப்படுகிறது. அது கரைசலிலுள்ள இரும்பை மாற்ற, அவ்விரும்பு யுரேனியத்தைக் கரையும் நிலைக்குக் கொணர்கிறது. வடிகட்டிய கரைசலிலிருந்து யுரேனியத்தைப் பிசின்மணிகள் பற்றிக்கொள்கின்றன. இறுதியில் அது மஞ்சள் வண்டலாகப் படிகிறது.

அண்டையிலுள்ள சுர்தா, ராக்கா, மொசாபானிச் சுரங்கங்களில், தாமிரக் கனியை நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தபின் எஞ்சிய கழிவிலும் சிறிது யுரேனியம் இருந்தது. பிற்காலத்தில் அதனையும் பிரித்து ஜாதுகுடாவுக்கு அனுப்பினார்கள். ஒரு தொழில் வேண்டாமென ஒதுக்கியது மற்றொன்றுக்கு மூலப்பொருளாயிற்று.

ஆனால் இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எடுப்பது கிலோக் கணக்கு. எஞ்சுவது டன் கணக்கு. பாறையிலிருந்த ரேடியத்தின் பெரும்பகுதி அக்கழிவிலேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்பிட்டு அமிலம் தணித்த அச்சேறு, கரை எழுப்பிய குட்டைகளில் தேக்கப்படுகிறது. அவற்றின் அருகே வாழும் பழங்குடி மக்கள், தங்கள் உடல்நலம் குறித்து 1990-களிலிருந்து வினா எழுப்பி வருகின்றனர். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். டிராம்பேயின் சாதனையைப் போற்றும் நாம், அக்குட்டைகளைக் காக்கும் பொறுப்பையும் நம் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்கிறோம் என்பதை நேயர்கள் மறத்தலாகாது.