உமிக்குள் இருக்கும் வரலாறு: கொல்லிமலைச் சாமையும் இந்திய வேளாண் சூழலியலும்

இந்தியாவில் வேளாண் சூழலியல் வளர்ந்த கதையைப் பெரும்பாலும் தில்லி அறிவிப்புகளை வைத்தே எழுதுகிறார்கள். 2018 தேசியச் சிறுதானிய ஆண்டு, 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு, 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண் இயக்கம் என்று அந்த வரிசை போகும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நின்று பார்த்தால், இந்த வரலாறு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று இம்மலையின் ஊராட்சிகள் இன்றும் நாடுகளாகவே அழைக்கப்படுகின்றன. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றை மானாவாரியாக விதைத்து வந்தார்கள். மல்லிச்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, பெருங்கேழ்வரகு என ஒவ்வொன்றிலும் பல ரகங்கள். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்து சேரும் என்பதே இந்தப் பன்மையின் கணக்கு.

பிறகு மரவள்ளி வந்தது. சேலத்தில் 1940களில் தொடங்கிய, அதன் கிழங்கை நம்பிய ஜவ்வரிசித் தொழில் ஆத்தூர், ராசிபுரம் என்று பரவியது. 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பாக ‘சேகோசர்வ்’ உருவானது. மலைக்குச் சாலை வந்த பிறகு கிழங்கு லாரியில் இறங்கியது. ரேஷன் அரிசி மேலே ஏறியது. சாமைக்காடுகள் சுருங்கின.

பணப்பயிர் ஆசையில் மக்கள் மரபைக் கைவிட்டார்கள் என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடுவதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. சாமை, தினை, வரகு, பனிவரகு நான்குக்கும் கடினமான உமி உண்டு. வரகுக்கு அது அடுக்கடுக்காக இருக்கும். அதை நீக்க உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். பகலெல்லாம் காட்டில் வேலை செய்த பெண்கள்தான் இதையும் செய்தார்கள். குத்தாமலேயே உலையில் போடக்கூடிய அரிசி ரேஷன் கடையில் கிடைத்தபோது அவர்கள் அதை வாங்கியதில் என்ன பிழை? நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்துவிட்டது. சாமைக்கு அப்படி ஒன்றைச் செய்து தர வேண்டும் என்று வெகுகாலம் யாரும் நினைக்கவில்லை. கேழ்வரகின் நிலை வேறு. அதற்கு நீக்க வேண்டிய உமி இல்லை, அப்படியே மாவாக்கலாம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலை தொடங்கியது. பசுமைப் புரட்சியோடு பெயர் இணைந்த ஒருவரின் நிறுவனம் நாட்டு ரகங்களைக் காக்க மலையேறியது என்பதே இந்திய வேளாண் சிந்தனையில் நிகழ்ந்த பெரிய திருப்பம். விதைகளைச் சேகரிப்பதோடு நிற்க முடியாது, உண்ணும் பழக்கம் திரும்பினால்தான் விதை நிலத்தில் நிற்கும் என்பது அங்கே தெளிவாயிற்று. 2001 முதல் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு புறக்கணிக்கப்பட்ட பயிர்களுக்கான திட்டம் ஒன்று நடந்தது. பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டிஸ் மலைத் தானியங்களும் அதே திட்டத்தில் இருந்தன. கொல்லிமலை ஊர்களில் விதை வங்கிகள் அமைந்தன. வரிசை விதைப்பும் ஊடுபயிரும் சோதிக்கப்பட்டன. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்தன; மகளிர் குழுக்கள் அரிசியும் ரவையும் மாவும் செய்து விற்றன. இவற்றுள் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்த இயந்திரம்தான் என்பது என் மதிப்பீடு. மற்ற முயற்சிகள் நிலைப்பதற்கு அதுவே அடித்தளமானது.

சட்டங்களும் அக்காலத்தில் நகர்ந்தன. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உழவர்கள் பேணிய ரகங்களுக்கு இடம் கொடுத்தது. சிறுதானியங்களைப் பொது விநியோகத்தில் சேர்க்க வேண்டும் என்று சுவாமிநாதன் தொடர்ந்து வாதிட்டார். 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசிக்குக் கிலோ 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், சிறுதானியங்களுக்கு 1 ரூபாய் என விலை வைத்தது. சட்டத்தில் இடம் கிடைத்தது. கடைகளுக்குச் சிறுதானியம் பெரும்பாலும் வரவில்லை.

2,481 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட தேசிய இயற்கை வேளாண் இயக்கம் 10,000 இயற்கை இடுபொருள் மையங்களைத் திட்டமிடுகிறது. ரசாயன உரத்தில் ஊறிய சமவெளிக்கு அது தேவைதான். கொல்லிமலைச் சாமைக்கோ சிக்கல் நிலத்தில் இல்லை, அறுவடைக்குப் பிந்தைய வேலையில் இருக்கிறது. உமி நீக்கிய சாமையைத் தவிட்டோடு வைத்தால் அதிலுள்ள எண்ணெய் விரைவில் சிக்கு வாடை கொடுத்துவிடும். தவிட்டை முழுக்கத் தீட்டினால் சத்து போய்விடும். ஆகவே ஆலை விளையும் இடத்துக்குப் பக்கத்தில், சிறியதாக, பழுது பார்க்க ஆளோடு இருக்க வேண்டும்.

2023 மே மாதம் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடக்கப் பட்டியலில் நாமக்கல் இல்லை. கேழ்வரகு தவிர வேறு சிறுதானியமும் இல்லை. கேழ்வரகு முந்திக்கொண்டதற்கு, அதை அப்படியே அரைத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். கொல்லிமலையின் ஒவ்வொரு நாட்டிலும் ஓடும் நிலையில் ஓர் ஆலையும், அங்கேயே நெல்லைப்போலச் சாமையையும் வாங்கும் ஒரு கொள்முதல் நிலையமும் வந்தால், அந்தத் திட்டத்தில் சாமையையும் சேர்க்கலாம்.