லாரி ஓட்டுநர்களின் பணியிட விழுகைக் காயங்கள்

லாரி ஓட்டுநர்கள் வண்டியில் ஏறி இறங்கும்போதும், சரக்கைக் கையாளும்போதும் கீழே விழுந்து அடைபவை விழுகைக் காயங்கள் எனப்படும். இவற்றில் பெரும்பாலானவை வண்டி நின்றிருக்கும்போது நேர்கின்றன. அதனால் சாலை விபத்துகளுக்குக் கிடைக்கும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

விழும் இடங்கள்
கேபின் படி, பாரத்தின் உச்சி, டேங்கரின் மேல்தளம், பின்கதவு ஆகியவை ஆபத்தான இடங்கள். திறந்த லாரியில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது மிக ஆபத்தான வேலை. பாரத்தின் மேல் நின்று கயிற்றை முழு பலத்தோடு இழுக்கையில் அது அறுந்தாலோ முடிச்சு நழுவினாலோ, இழுத்தவர் மல்லாந்து விழுவார். பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது.

காரணங்கள்
மழை ஈரம், படியில் படிந்த டீசலும் கிரீஸும், தேய்ந்த செருப்பு, வெளிச்சக் குறைவு ஆகியவை வழுக்கச் செய்கின்றன. பல மணி நேரம் உட்கார்ந்து ஓட்டியவரின் கால்கள் மரத்துப்போயிருக்கும். அந்நிலையில் கேபினிலிருந்து குதித்தால் கணுக்கால் பிசகலாம், குதிகால் எலும்பு முறியலாம். உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு முதுகெலும்பும் தலையும் அடிபடுகின்றன.

தடுப்பு
ஏறி இறங்கும்போது இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் வண்டியைப் பற்றியிருக்க வேண்டும். கேபினைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. சொரசொரப்பான படி, உறுதியான கைப்பிடி, தரையில் நின்றே தார்ப்பாய் மூடும் அமைப்பு, டேங்கரைக் கீழிருந்து நிரப்பும் வால்வு ஆகியவை மேலே ஏறும் தேவையையும் வழுக்கும் வாய்ப்பையும் குறைக்கின்றன. இவற்றைச் செய்து தருவது உரிமையாளரின் கடமை.

சட்டம்
எஞ்சினுக்கு மேல் கேபின் அமைந்த உயரமான லாரிகளில், மூன்று உறுப்புப் பிடிமானத்துக்கு ஏற்ற படிகளும் கைப்பிடிகளும் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. 1982 செப்டம்பர் முதல் தயாரானவற்றுக்கு இது பொருந்தும். பிரிட்டனின் 2005 உயரப் பணி விதிகள், விழுந்தால் காயம்படக்கூடிய எந்த உயரத்தையும் கணக்கில் கொள்கின்றன.

இந்தியாவில் 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பணியின் காரணமாகப் பணியின்போது நேரும் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. இவ்விரு சட்டங்களின் பொருளும் 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சேர்க்கப்பட்டுள்ளது. நின்ற வண்டியிலிருந்து வேலையின்போது விழுந்தவருக்கும் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. ஓட்டுநரின் வெறும் கவனக்குறைவு அதை மறுக்கக் காரணமாகாது.