ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்

ஜான் லாண்டிஸ் எழுதி இயக்கி 1981இல் வெளிவந்த திகில் நகைச்சுவைப் படம். வட இங்கிலாந்தின் பொட்டல்வெளியில் இரவில் நடந்துபோகும் இரு அமெரிக்க இளைஞர்களை ஓநாய்மனிதன் தாக்குகிறான். ஜாக் இறக்கிறான், கடிபட்டுப் பிழைத்த டேவிட் முழுநிலவில் ஓநாயாகிறான்.

செத்த ஜாக் மருத்துவமனைக்கே நண்பனைப் பார்க்க வருவதுதான் படத்தின் உயிர். கிழிந்த கழுத்துச் சதை தொங்கியாட, டேவிட்டின் தட்டிலிருந்து ரொட்டித் துண்டு கேட்கிறான். அடுத்தடுத்த வருகைகளில் உடல் அழுகிக்கொண்டே போகிறது. கிண்டல் மட்டும் குறைவதில்லை.

டேவிட் உருமாறுவது இருட்டில் அல்ல. வெளிச்சமான அறையில், கை நீள்வது கண்ணுக்குத் தெரிய. பின்னணியில் சாம் குக்கின் இதமான நிலாப் பாட்டு! அப்போது புதிதாகத் தொடங்கிய ஒப்பனைக்கான ஆஸ்கர் பிரிவில் முதல் விருது இப்படத்தின் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கருக்குக் கிடைத்தது. மைக்கேல் ஜாக்சன் ‘த்ரில்லர்’ காணொளிக்கு (1983) லாண்டிஸை அழைத்ததும் இப்படத்தைப் பார்த்தே.