சிறகு நாற்காலியின் தோல்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், சுழி பார்ப்பார். அதன் பின்னரே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசப்படும். ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தை நமக்குக் கற்றுத்தந்த இந்த முறை, இன்று வசதி படைத்த குடும்பங்களில் தோன்றியுள்ள ஓர் ஆசைக்கும் பொருந்துவதாகும். ஓசூரிலும் பெங்களூரிலும் புதுவீடு கட்டுவோருள் சிலர் பழைய ஆங்கிலேய நாற்காலிகளை, சிறப்பாக 'விங் சேர்' என வழங்கும் தோல் போர்த்திய சிறகு நாற்காலிகளை, விரும்பித் தேடுகின்றனர். ஒரு நாற்காலிக்குள் அப்படியென்ன வரலாறு என்று நாம் கேட்கலாம். அதன் தோலைச் சற்றே ஆராய்ந்தால், அவ்வரலாறு நம் வறண்ட காட்டின் ஆவாரஞ்செடி வரை வந்து சேர்வதைக் காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இந்நாற்காலி உருப்பெற்றது. குளிர்காலத்தில் கணப்பின் அருகே அமர்வோர்க்குப் பக்கவாட்டிலிருந்து வீசும் வாடையைத் தடுக்கவும், கணப்பின் வெம்மையை உள்ளே தேக்கவும் இருபுறமும் சிறகுகள் வைக்கப்பட்டன. முதியோரும் நோயாளரும் சாய்ந்து உறங்கவே அது முதலில் பயன்பட்டது. தொடக்கத்தில் வாதுமை வகை மரத்தில் கால்கள் கடையப்பட்டன. குடியேற்ற நாடுகளின் மரங்களுக்கு இருந்த சுங்கவரி 1721இல் நீக்கப்பட்டபின் ஜமைக்காவின் மகோகனி அவ்விடத்தைப் பிடித்தது. அம்மரத்தை வெட்டிச் சுமந்தோர் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர் என்பதை நாம் மறத்தலாகாது.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகள் அதனுள் அடங்கியிருந்தன. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து வரி விதித்தனர். ஆனால், ஆண்டவரின் நாற்காலி நம் வெயிலோடு ஒத்துப்போகவில்லை. கோடையில் தோல் உடலோடு ஒட்டியது. மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தது. ஆகவே பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலியே சமவெளியின் பங்களாத் திண்ணைகளில் இடம்பெற்றது. சிறகு நாற்காலிக்கு உரிய நிலம் இங்கிலாந்தாகவே இருந்தது. ஆயினும் இங்கிலாந்துக்கு வேண்டிய தோலில் ஒரு பகுதி இங்கிருந்தே சென்றது.

சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பலநாள் கிடத்தி, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இத்தொழிலை வளர்த்தனர். நம் ஊர்ச்சந்தைகள் போன்றவற்றில் கைமாறிய ஆடுமாடுகளின் தோல், கப்பலேறி இலண்டன் சேர்ந்து, பெர்மாண்ட்சிப் பகுதியின் தோல் வணிகரிடமும் பதனிடுவோரிடமும் சென்றது. அங்கே மீண்டும் சாயமும் மெருகும் ஏறி, காலணியாக, நூலட்டையாக, இருக்கைப் போர்வையாகப் புதுப்பெயர் பெற்றது. அந்தப் பெயரில் நம் ஊரின் பெயர் இல்லை.

பெயர் வந்த ஓரிடம் உண்டு. அது குறை கூறிய இடம். நூலகங்களில் தோலட்டைகள் பொடிந்து விழுவது கண்டு இலண்டன் கலைக் கழகம் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. 1905இல் நூலாக வந்த அதன் அறிக்கை, கிழக்கிந்தியப் பதனீட்டுத் தோல் ஒளியிலும் எரிவாயு விளக்கின் புகையிலும் விரைந்து கெடுவதாகக் கூறியது. இன்றும் பழைய நாற்காலியைத் தடவினால் கையில் செம்பொடி ஒட்டுவதுண்டு. அவ்வாறு சிதைந்த தோலை மீண்டும் உறுதிபெறச் செய்தல் இயலாது. சிதைவைத் தள்ளிப்போடவே இயலும்.

இனி, வாங்குவோர் பார்க்க வேண்டிய 'பல்'லும் 'சுழி'யும் எவை? நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தல் முதற்கடமை. குதிரைமயிர்த் திணிப்பும், சணல் பட்டையும், கையால் அடித்த சிற்றாணியும் பழமையின் அடையாளங்கள். கம்பித் தைப்பு பிற்காலத்தது. சுருள்வில் இருப்பின் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட வேலை அன்று, அல்லது பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. மரத்தில் ஊசித்துளையும் மாவும் கண்டால் பூச்சியரிப்பு ஓயவில்லை. போர்வையின் உட்புறத்தில் துணிநெசவு தெரிந்தால் அது தோலன்று, ரெக்சின். நம் பேச்சில் கலந்துவிட்ட ரெக்சின் என்பதே மான்செஸ்டரை அடுத்த ஹைட் நகரில் செய்யப்பட்ட செயற்கைத் தோலின் வணிகப்பெயர்தான். நூறாண்டு கடந்ததையே தொல்பொருள் என வணிக வழக்கு கொள்கிறது. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக அதே நூறாண்டைக் கணக்கிடுகிறது. சட்டகம் பழையதாய், தோல் நேற்றையதாய் இருப்பது குற்றமன்று. அதை மறைத்து விலை கூறுவதே குற்றம்.

ஆயினும், எந்தத் தரகரும் சொல்லாத அடையாளம் ஒன்று எஞ்சியிருக்கிறது. இலண்டன் பட்டறையின் முத்திரை இருந்தால் விலை ஏறுகிறது. தோலை உரித்தவர், குழியில் இறங்கி மிதித்தவர், பட்டை இடித்தவர் ஆகியோர்க்கு முத்திரை இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்கள். தம் கையால் பதப்பட்ட தோலின்மேல் பிறர் அமர, ஊர்ப் பெரியவர் முன் அவர்கள் நின்றே பேச வேண்டியிருந்தது. யோப்பா நகரில் தூய பேதுரு பலநாள் தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் என்று திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடுகிறது. பலர் ஒதுங்கிச் சென்ற தொழிலைச் செய்தவரின் வாசலுக்குள் திருச்சபையின் தலைவர் விருந்தினராய்ப் புகுந்தார். அவ்வீட்டை நினைவிற் கொண்டு நம் வீட்டு இருக்கைகளைப் பார்த்தல் தகும்.

தொழில் வளர்ந்தபோது துன்பமும் வடிவம் மாறியது. குரோமியப் பதனீடு பெருகியதன்பின் பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் கெட்டன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உறுதிசெய்தது. பயன் துய்ப்போர் ஒருபுறமும் விலை கொடுப்போர் மறுபுறமும் நிற்கும் பழைய கணக்கைத் திருத்த முயன்ற தீர்ப்பு அது.

பழைய நாற்காலியை வாங்காதீர் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மரத்தை மீண்டும் வெட்டாமல், ஒரு தோலை மீண்டும் உரிக்காமல், இருப்பதைச் செப்பனிட்டுப் பேணுதல் நற்செயலே. ஆனால், அதற்குப் புதிதாய்த் தோல் போர்த்தித் தரும் உள்ளூர்க் கைவினைஞரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, இறந்துபோன ஆங்கிலேயத் தச்சரின் முத்திரைக்கு இலட்சங்களை மறுபேச்சின்றிக் கொடுத்தால், நாம் வரலாற்றை வாங்கவில்லை. அதன் அநீதியையே வாங்குகிறோம். செப்பனிட வந்தவருக்கு உரிய கூலியை முழுதாய்க் கொடுப்போம். வேலை முடிந்ததும் அந்நாற்காலியில் அவரை முதலில் அமரச் சொல்வோம்.