இருமுறை அடித்த எழுத்து

தட்டெழுத்து யந்திரத்தில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமானால் என்ன செய்வார்கள்? ஓர் எழுத்துப் பின்னுக்கு நகர்ந்து, அதே எழுத்தின் மேல் மறுபடியும் ஓர் அடி. மை கனத்துவிடும். எந்த டைப்பிஸ்டுக்கும் தெரிந்த இந்தச் சின்ன உபாயம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அரை நூற்றாண்டாகியும் வெளியேறவில்லை என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969-இல் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயக்க முறையைத் தொடங்கினார்கள். பெரிய யந்திரம் கேட்டார்கள், மேலிடம் மறுத்துவிட்டது. ஜோ ஒஸானா என்ற சகா சாதுரியமாக, தஸ்தாவேஜுகளைத் திருத்தி ஒழுங்குபடுத்தவென்று சிறிய யந்திரமாகக் கேட்டார். 1970-இல் பி.டி.பி.-11 வந்து சேர்ந்தது. 1971-இன் பிற்பகுதியில் பேட்டண்ட் இலாகாவின் மூன்று டைப்பிஸ்டுகள் நாளெல்லாம் அதில் விண்ணப்பங்கள் தயாரித்தார்கள். பின்னால் உலகப் புகழ் பெற்ற யூனிக்ஸுக்கு அன்று சோறு போட்டவர்கள் அந்த மூவர்தாம்!

ஒஸானா எழுதிய நிரல்கள் இரண்டு: என்ராஃப், டிராஃப். எழுதுகிறவர் "இது தலைப்பு, இது அழுத்தம்" என்று குறியிட்டால் போதும். அச்சுக் கோக்கும் யந்திரமானால் டிராஃப் தடித்த எழுத்தில் கோத்துவிடும். டெலிடைப்பானால் என்ராஃப் பின்னுக்கு நகர்ந்து மறுபடி அடிக்கும். மூலம் ஒன்றுதான்.

பிறகு காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தது. திரையில் மை ஏது? இரண்டாவது அடி முதல் எழுத்தை அழித்துவிட்டு அங்கே உட்காரும். அழுத்தம் காணாமற் போகும். 1983–85-இல் மார்க் நூடல்மன் எழுதிய 'லெஸ்' போன்ற நிரல்கள் இதற்குப் பரிகாரம் கண்டன. ஒரே எழுத்து ஒரே இடத்தில் இருமுறை வந்தால், அதைத் தடிப்பாகக் காட்டிவிடும். படங்களில்லாமல் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினல் திரையில் இன்றும் லெஸ் அப்படியே செய்கிறது.

ஒஸானா 1977-இல் காலமானார். டெலிடைப்பும் பி.டி.பி.-11-ம் பொருட்காட்சிசாலைக்குப் போய்விட்டன. அவர் மரபில் வந்த குறிகளால் எழுதிய கையேடுகளை மட்டும் இன்றும் படிக்கிறார்கள். ஒரே யந்திரத்தை நம்பிய எழுத்து அதனுடன் உடன்கட்டை ஏறிவிடுகிறது. இவர்களோ எது முக்கியம் என்பதை மட்டும் எழுதி வைத்தார்கள். அதைக் காட்டும் பொறுப்பை, இனிமேல் பிறக்கப்போகிற யந்திரங்களிடம் விட்டுவிட்டார்கள்.