நல்லாசிரியரை ஆக்கும் கல்லூரிகள்

கற்றவர் எல்லாரும் கற்பிக்க வல்லவர் ஆகிவிடுவதில்லை. இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் பற்றிக் கூறப் புகுமுன், ஆசிரியர் எத்தகையவர், அவர் எவ்வாறு பாடம் சொல்லவேண்டும், மாணாக்கர் எவ்வாறு கேட்கவேண்டும் என்பவற்றை வகுத்துரைத்தார். நல்லாசிரியரிடம் கல்வித் தெளிவு இருத்தல் வேண்டும். அதனைப் பிறர் மனங்கொள்ளுமாறு எடுத்துரைக்கும் ஆற்றலும் உடனிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று, பருத்தி அடைத்த குடுக்கை. பஞ்சை அதனுள் திணிப்பதும் கடினம். அதிலிருந்து வெளியே எடுப்பதும் கடினம். அத்தகைய குடுக்கைகளை நம்மில் பலர் வகுப்பறையில் சந்தித்தே இருப்போம்.

தெளிவும் சொல்லாற்றலும் ஒருவரிடத்தே ஒருங்கு வளரச் செய்வது எங்ஙனம்? முதலில் பாடப்பொருளைக் கற்பித்துவிட்டு, அதைப் பிறருக்குக் கற்பிக்கும் முறையைப் பின்னர் ஓராண்டில் ஒட்டவைத்தால் போதுமா? அன்றி, இரண்டையும் தொடக்கம் முதலே சேர்த்து வளர்க்கவேண்டுமா? ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா இதுவே. பிறந்த மண்ணைவிட்டு வெளிமாநிலங்களில் வாழ்ந்து, பிறமொழிச் சூழலில் மக்களைப் படிக்கவைக்கும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் இருக்கவில்லை. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவருக்குப் பாடம் சொன்னான். மணலில் விரலால் எழுதவைத்தான். பின்னர் அவனே ஒரு திண்ணையைப் பிடித்துக்கொண்டு உபாத்தியாயராக அமர்வதும் உண்டு. 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், தம் விடுதியிலும் அதைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த துணையாசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவச் சிறுவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செவ்வனே செய்து காட்டினான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறையை விளக்கி, 1797-ஆம் ஆண்டில் பெல் லண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்து எங்கும் பரவியது.

அம்முறையில் செலவு குறைவு. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முடிந்தது. அதன் குறையும் அதனுள்ளேயே இருந்தது. சட்டாம்பிள்ளை தான் நேற்றுக் கற்றதையே இன்று சொல்ல முடியும். ஒரு பிள்ளைக்கு ஏன் விளங்கவில்லை என்று ஆராய அவனுக்கு வயதும் இல்லை, அறிவு முதிர்ச்சியும் இல்லை. ஆகவே ஆசிரியரைத் தனியே உருவாக்கும் பள்ளிகள் தேவைப்பட்டன.

சென்னை மாகாணத்தில் இத்தேவையை முன்னரே உணர்ந்தவருள் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ குறிப்பிடத்தக்கவர். 1822-ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்ட அவர், 1826-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை எழுதியபோது, ஆசிரியர்களைச் சென்னையில் பயிற்றி மாவட்டங்களுக்கு அனுப்பும் திட்டத்தையும் முன்வைத்தார். மறு ஆண்டே அவர் காலமானார். திட்டமும் நாளடைவில் வலுவிழந்தது. 1854-ஆம் ஆண்டில் வெளிவந்த உட் அறிக்கை ஒவ்வொரு மாகாணத்திலும் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் பயனாக 1856-ஆம் ஆண்டில் சென்னையில் அரசினர் நார்மல் பள்ளி தோன்றியது. பின்னர் அது சைதாப்பேட்டையில் நிலைகொண்டு, ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் தம் ஆசிரிய வாழ்வின் தொடக்கத்தில் அங்குப் பயிற்சி பெற்றவரே. 1882-ஆம் ஆண்டில் ஹண்டர் குழு இந்தியக் கல்வியை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைப் பயிற்றும் கல்லூரிகள் இப்பரந்த நாட்டில் சென்னையிலும் லாகூரிலும் மட்டுமே இருந்தன என்பதை நோக்குக.

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பெண் குழந்தைகள் பள்ளிக்கு வரவேண்டுமானால் பெண் ஆசிரியர் வேண்டும். பெண் ஆசிரியர் வேண்டுமானால் பெண்கள் முன்னரே படித்திருக்கவேண்டும். இந்தச் சுழலை உடைத்தவருள் சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரைத் தமிழர் மறத்தல் இயலாது. தாமே இளம் வயதில் கைம்பெண்ணான அவர், சமூகம் ஒதுக்கி வைத்த இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்து, ஆசிரியப் பணிக்கு ஆயத்தப்படுத்தினார். 1922-ஆம் ஆண்டில் சென்னையில் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. வீட்டின் மூலையில் காலங்கழிக்கவேண்டியவர் என்று பிறர் கருதிய பெண்கள் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளில் ஆசிரியராய் நின்றனர். ஒரு பயிற்சிக் கல்லூரி பாடமுறையை மட்டுமன்றி மனித வாழ்வையே மாற்ற வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்று நாம் காணும் பயிற்சியின் அச்சு 1904-ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது எனலாம். கர்சன் பிரபுவின் ஆட்சியில் அவ்வாண்டு வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம், பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சியும், பட்டம் பெறாதவர்க்கு ஈராண்டுப் பயிற்சியும் போதும் என்று வகுத்தது. ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரியோடும் பழகுவதற்கென ஒரு பள்ளி இணைந்திருக்கவேண்டும் என்றும் கூறியது. பின்னது பொன்னான விதி. முன்னதோ காலத்தின் நெருக்கடிக்கு ஏற்ற ஏற்பாடு. பட்டதாரிகள் அரியராய் இருந்த நாளில் அவர்களை நெடுங்காலம் பயிற்சியில் நிறுத்தி வைக்க அரசினர் விரும்பவில்லை.

அந்த ஓராண்டில் நடந்தது என்ன? உளவியல், கல்வி வரலாறு, பள்ளி நிர்வாகம், பாடம் கற்பிக்கும் முறை ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கவேண்டும். பாடக்குறிப்பு எழுதவேண்டும், மாதிரிப் பாடம் நடத்தவேண்டும், பின்வரிசையில் அமர்ந்து குறை காணும் பேராசிரியர் முன் நின்று கற்பிக்கவேண்டும், முடிவில் தேர்வும் எழுதவேண்டும். விடுமுறை நாட்களைக் கழித்தால் எஞ்சுவது சில மாதங்களே. குழந்தையின் மனத்தை அறிவதற்கு அக்காலம் போதாது என்று கல்வியாளர் பலர் சொல்லிக்கொண்டே இருந்தனர்.

1937-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது இக்கேள்வி மீண்டும் எழுந்தது. கைத்தொழில் வழியே கணக்கையும் மொழியையும் இயற்கையறிவையும் கற்பிப்பது எளிய செயல் அன்று. தக்ளியைச் சுழற்றத் தெரிந்தவர் இருந்தனர். கணிதம் தெரிந்தவர் இருந்தனர். தக்ளியின் வழியே கணிதம் சொல்லித்தரத் தெரிந்தவர் அரியர். ஆகவே டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, ஆசிரியருக்கு மூன்றாண்டு முழுப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. உடனடித் தேவைக்கு மட்டும் ஓராண்டுக் குறும்பயிற்சி போதும் என்றது. 1938-ஆம் ஆண்டில் டில்லி ஜாமியா மில்லியாவில் இதற்கென ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. எனினும் நாடெங்கும் குறும்பயிற்சியே வழக்கமாக நிலைத்தது.

விடுதலைக்குப் பின்னர் வந்த மாற்றத்துக்கு வித்திட்டவர் ஒரு தமிழ்ப் பெரியார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ஆம் ஆண்டில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகளை நிறுவுமாறு பரிந்துரைத்தது. கலையும் அறிவியலும் மட்டுமன்றி, தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகம், மனையியல் ஆகியவையும் அவற்றில் பாடங்களாயின. பள்ளிகள் எழுந்தன. ஆனால் வேளாண்மையை அறிந்தவருக்குப் பாடம் சொல்லத் தெரியவில்லை. பாடம் சொல்லத் தெரிந்தவருக்கு வேளாண்மை தெரியவில்லை. நன்னூலார் சேர்த்துச் சொன்ன இரண்டும் இங்கே தனித்தனியே நின்றன.

இக்குறையை நீக்கப் புதிய முயற்சிகள் பிறந்தன. 1960-ஆம் ஆண்டில் குருட்சேத்திரத்தில் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியக் கல்வி தொடங்கியது. 1961-ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு நிறுவப்பட்டது. அதன் ஆதரவில் 1963-ஆம் ஆண்டில் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்விக் கல்லூரிகள் தோன்றின. தென்னாட்டு மாநிலங்களுக்கு உரியது மைசூர்க் கல்லூரி.

அவற்றின் அடிப்படைக் கருத்து எளியது, ஆயினும் ஆழமானது. பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர் ஆசிரியராவது என்ற உறுதியோடு சேர்ந்து, நான்கு ஆண்டுகளில் பாடத்துறைப் பட்டத்தையும் கல்வியியல் பட்டத்தையும் ஒருங்கே பெறுவார். பௌதிகம் கற்கும்போதே, ஒளி நேர்கோட்டில் செல்வதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வாறு காட்டுவது என்றும் சிந்திப்பார். தாமே மாணவராய் இருந்து ஓரிடத்தில் இடறிய நினைவு பசுமையாக இருக்கும்போதே, பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்பதையும் உணர்வார். ஒவ்வொரு கல்லூரியின் வளாகத்திலும் பல்நோக்குச் செயல்விளக்கப் பள்ளி ஒன்று அமைந்தது. அங்குக் கண்டதையும் கேட்டதையும் கொண்டு, பிற பள்ளிகளில் தொடர்ந்து பல வாரங்கள் தங்கி முழுநேர ஆசிரியரைப் போலவே பணியாற்றும் உறைவிடப் பயிற்சியும் உண்டு. ஒருநாள் வந்து ஒரு பாடம் நடத்திவிட்டுப் போவதற்கும், திங்கட்கிழமை சொன்னது வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் நினைவில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

இத்திட்டம் முழுவெற்றி பெற்றதா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். பல்நோக்குப் பள்ளிகள் நாளடைவில் மங்கின. அவற்றுக்கென வகுத்த தொழில்நுட்ப, வேளாண்மைப் பிரிவுகளும் கல்லூரிகளில் நிலைக்கவில்லை. நாட்டின் தேவையோ கடல் போன்றது. நான்கு கல்லூரிகள் அதற்கு எம்மட்டு? பயிற்சி பெறாமலே பணியிலிருந்த ஆசிரியர்களுக்கு இக்கல்லூரிகள் கோடைக்கால வகுப்பும் அஞ்சல்வழிப் பாடமும் நடத்தி உதவின. ஆயினும் அறிவியல் ஆசிரியருக்கான நான்காண்டுப் படிப்பு மறையவில்லை. 1990-களில் மண்டலக் கல்வி நிறுவனங்கள் என்று பெயர் மாறிய பின்னரும் அது தொடர்ந்தது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஆசிரியக் கல்வியின் நோய் இன்னதென்று தெளிவாகக் கண்டது. பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்வினின்று விலகி நிற்கின்றன. பள்ளிகளினின்று விலகி நிற்கின்றன. தமக்குள்ளும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன என்பது அதன் கருத்து. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியக் கல்விக் குழு சட்ட அதிகாரம் பெற்றது. எனினும் தரமற்ற கல்லூரிகள் பெருகின. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதியரசர் வர்மா குழு 2012-ஆம் ஆண்டில் இதனைக் கடிந்து அறிக்கை அளித்தது. 2014-ஆம் ஆண்டு விதிகளால் பட்டதாரிகளின் ஓராண்டுப் பயிற்சி ஈராண்டாயிற்று. கர்சன் காலத்து அச்சு உடைய நூறாண்டுக்கு மேல் சென்றது! 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030-ஆம் ஆண்டளவில் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியருக்குக் குறைந்த தகுதியாக வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. முதுகலை முடித்தவர் போன்றோர்க்கு ஓராண்டு வழியையும் அது திறந்தே வைத்துள்ளது. ஆகவே பழைய வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை.

இவ்வரலாற்றில் நம் பங்கு யாது? வெளிமாநிலம் சென்ற தமிழர் கோயிலையும் சங்கத்தையும் போலவே பள்ளியையும் கட்டியவர்கள். டில்லியில் 1923-ஆம் ஆண்டில் மதராசிக் கல்விச் சங்கம் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்த நிறுவனம் இதற்குச் சான்று. அத்தகைய பள்ளியில் அமரும் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ வங்கமோ மராத்தியோ, பாடநூலில் ஆங்கிலமுமாக வாழ்கிறது. அக்குழந்தை வாய்மூடி இருப்பது பாடம் புரியாமையாலா, மொழி புரியாமையாலா என்று பிரித்தறிவது தேர்ந்த ஆசிரியராலேயே கூடும். மைசூரிலுள்ள தென்மண்டல மொழி மையம் 1970 முதல் பிற மாநிலப் பள்ளி ஆசிரியருக்குத் தமிழையும் ஏனைத் தென்மொழிகளையும் பத்து மாதம் தங்கவைத்துக் கற்பித்து வந்திருக்கிறது. வேற்றுமொழி ஆசிரியர் ஒருவர் முதுவயதில் நம் மொழியின் அரிச்சுவடியைப் பிடிக்கும்போது, மொழி தெரியாத குழந்தையின் திகைப்பு எத்தகையது என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறார்.

நம் சங்கங்கள் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பப் பொருள் திரட்டுகின்றன, அது நன்று. அப்பள்ளியில் கற்பிப்போர் எங்கே, எத்தனை காலம், எவ்வாறு பயின்றனர் என்று கேட்கும் வழக்கமும் நமக்கு வேண்டும். வேறு வேலை கிடைக்காவிடில் ஆசிரியராகலாம் என்று நம் வீடுகளில் சொல்லும் பேச்சு ஒழியவேண்டும். பள்ளிப்படிப்பை முடிக்கும் கூர்மதியுள்ள ஒரு பெண்ணோ பையனோ ஆசிரியப் பணியை விரும்பினால், நான்காண்டுக் கல்லூரிக்கு மனமுவந்து அனுப்பும் பெற்றோர் பெருகவேண்டும். சட்டமும் குழுவும் கல்லூரியை அமைக்கலாம். அதன் வாயிலுக்குத் தக்க மாணவரை அனுப்புவது நம் கையிலேயே இருக்கிறது.