பெயர் மறைத்துப் பெற்ற பரிசு

குற்றாலத்திலே சாரல். தென்காசியிலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு சித்திர சபைக்குச் சென்றிருந்தோம். சுவரெங்கும் ஓவியம். இவர் இன்ன தேவர், இது இன்ன திருவிளையாடல் என்று விளக்கம் கூறப் பலர் இருந்தனர். "தீட்டியவர் யார், ஐயா?" என்று கேட்டான் ஒரு சிறுவன். விடை கூற ஒருவரும் இல்லை. திரும்பும் வழியில் நாம் அவனுக்குக் கூறிய வரலாறு, கடல் கடந்த நாட்டிலே பிறந்த கருப்பின மங்கை ஒருவருடையது.

லோயிஸ் மெய்லு ஜோன்ஸ், 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அந்நகரின் நுண்கலைக் காட்சிச்சாலையைச் சார்ந்த பள்ளியிலே ஓவியம் பயின்று, 1927இல் தேர்ந்தார். பயின்ற இடத்திலேயே பயிற்றுவிக்க விரும்பினார். கிடைத்த விடை என்ன தெரியுமா? தெற்கே போய் உன் இனத்தாருக்கு உதவு என்பதுதான்! திறமையைக் குறை கூறினரா? இல்லை, தோலைப் பார்த்தனர், வாயிலைக் காட்டினர். தெற்கே சென்றார். பின்னர் 1930 முதல் 1977 வரை வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கினார்.

1941இல் அதே வாஷிங்டனில், கார்க்கரன் கலைக்கூடத்தின் போட்டி. கருப்பருக்கு அதிலே இடமில்லை. வெள்ளைத் தோழி செலின் தபாரி படத்தைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தார். பரிசு கிடைத்தது! ஆனால் படைத்தவர் மேடையேறிப் பெற முடியவில்லை. ஓவியம் உள்ளே, ஓவியர் வெளியே! இந்த விந்தை நமக்குப் புதிதா? கோயிலுக்குக் கல் சுமந்த தோள்களும் வெளியேதான் நின்றன. 1939இல் மதுரையிலே கதவு திறந்தது, சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947இலேதான்.

1937இல் பாரிசு சென்ற ஜோன்ஸ், மறு ஆண்டு ஆப்பிரிக்க முகமூடிகள் ஐந்தை ஒரே படத்தில் தீட்டினார். இது உன் பாணி இல்லையே என்று ஆசிரியர்கள் வியந்தனராம். பிக்காசோவும் மத்தீசும் ஆப்பிரிக்கக் கலையை எடுத்தாண்டால் புதுமை, அந்த மண்ணின் வழிவந்தவள் எடுத்தால் மட்டும் வியப்போ என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். நல்ல கேள்வி!

ஹெய்ட்டித் தீவினரான ஓவியர் ஒருவரை 1953இல் மணந்தார். மறு ஆண்டு முதல் அத்தீவு அவருடைய வண்ணங்களையே மாற்றிவிட்டது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை கண்ட நாடல்லவா அது! சந்தைக் கூட்டமும் சுமை தூக்கும் பெண்டிரும் வெயிலின் பளபளப்போடு படங்களில் நடமாடினர். 1970இல், அறுபத்து நான்காம் வயதில், ஆப்பிரிக்க நாடுகள் பதினொன்றைச் சுற்றி வந்தார்.

1994இல் கார்க்கரன் கலைக்கூடம் அவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள்! 1998இல் மறைந்தார்.

முகத்திலே சடங்கு வண்ணம் பூசிய ஆப்பிரிக்கச் சிறுமியின் படத்தை 1972இல் தீட்டினார்; 'ஊபி சிறுமி' என்பர். அது இருப்பது பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில். ஆம், வேலை கேட்டவரைத் தெற்கே போகச் சொன்ன பள்ளி சார்ந்திருந்த அதே காட்சிச்சாலையில்தான்.